“சின்னப் பிள்ளைகளுக்குன்னே பண்ற ஷோ மேடம்” என்றதை நம்பி ரூ.3,672 போனது

ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி ஒன்றில் நடந்தது. இன்று செவ்வாய், இன்னும் எனக்கு ஆறவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். எங்களுக்குப் போனது ரூ.3,672.

எங்கள் தம்பிக்கு, அதாவது என் மகனுக்கு, இரண்டு வயது மூன்று மாதம். மேடை நிகழ்ச்சி எதையும் அவன் பார்த்ததில்லை. நம் பக்கம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று நிகழ்ச்சி வருவதே அபூர்வம். பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், எது என்றாலும் தொண்ணூறு கிலோமீட்டர் வாக்கில் ஆகும். அதனால்தான் போன மாதம் போனில் அந்த விளம்பரம் வந்ததும் மனசு துள்ளியது. காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபம், மாலை 4 மணி, ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரை, கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகள், நேரில் பாடும் பாட்டு, 45 நிமிடம். படத்தில் ஒரு முயலும் யானையும் கரடியும் இருந்தன. டிக்கெட் விற்றது ஓர் ஆன்லைன் தளம், நடத்தியது வெளியூர்க் குழு ஒன்று. இரண்டின் பெயரையும் இங்கே போடவில்லை.

நான் யோசிக்காமல் பணம் கட்டவில்லை. கோயில் வேட்டுச் சத்தத்துக்கே என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிற பிள்ளை அவன். அதனால் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். மூன்று கேள்விகள் கேட்டேன். சத்தம் எவ்வளவு இருக்கும்? அரங்கை இருட்டாக்குவீர்களா? வேஷம் போட்டவர்கள் பிள்ளைகளிடம் இறங்கி வருவார்களா?

அவர் அவசரப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். “சவுண்டு கம்மியாத்தான் வைப்போம். லைட்டை அணைக்கவே மாட்டோம். வேஷமெல்லாம் கிடையாது, எல்லாம் கைப்பொம்மைதான். சின்னப் பிள்ளைகளுக்குன்னே பண்ற ஷோ மேடம். எம் பொண்ணுக்கும் ரெண்டு வயசுதான், முன்னாடி உக்காந்து கைதட்டுவா. நீங்க முன்வரிசையே போட்டுக்குங்க.”

எம் பொண்ணுக்கும் ரெண்டு வயசுதான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போனை வைத்த ஐந்தாவது நிமிடம் முன்வரிசையில் நான்கு டிக்கெட் போட்டேன். தலைக்கு 850, அதற்கு மேல் தளத்தின் கட்டணம் தலைக்கு 68. மொத்தம் ரூ.3,672. தம்பிக்கும் முழு டிக்கெட்.

அப்புறம் பத்து நாள் வீட்டில் அதே பேச்சுதான். அவன் அப்பா பழைய காலுறையில் இரண்டு காது தைத்து முயல் செய்தார். தினமும் சாயங்காலம் முயல் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும், தம்பி “வா, வா” என்று கூப்பிடுவான். அத்தை அவனை நான்கு நாளாக மதியம் சீக்கிரமே தூங்கப்போட்டுப் பழக்கினார், 4 மணிக்கு முழித்துத் தெளிவாக இருக்கட்டும் என்று.

பள்ளத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து 3.40-க்கெல்லாம் மண்டபத்தில் இருந்தோம். கதவு திறந்தது 4.50. ஆரம்பித்தது 5.25. அதற்குள் கொண்டுபோன பால் தீர்ந்து, பிஸ்கட் தீர்ந்து, பிள்ளை கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டான். முன்வரிசையில் சோபா போட்டு யாரோ விருந்தினர்களை உட்காரவைத்திருந்தார்கள். எங்களுக்கு ஆறாவது வரிசை, பிளாஸ்டிக் நாற்காலி, நேர் எதிரே ஆள் உயர ஸ்பீக்கர்.

முதல் வேலையாக எல்லா விளக்கையும் அணைத்தார்கள். புகை விட்டார்கள். ஸ்பீக்கர் அலறியது. என் போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து பார்த்தேன், 98 டெசிபல் காட்டியது. 85-க்கு மேல் நீண்ட நேரம் கேட்டாலே பெரியவர்கள் காதுக்கே கேடு. நேரில் பாட்டும் இல்லை, கைப்பொம்மையும் இல்லை. பதிவுசெய்த சினிமாப் பாட்டுக்கு முயல் வேஷத்திலும் கரடி வேஷத்திலும் இரண்டு பேர் குதித்தார்கள். யானை வரவே இல்லை. மூன்றாவது பாட்டில் அந்த முயல் மேடையிலிருந்து இறங்கி நடைபாதை வழியாக ஓடிவந்து தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்தது.

அவன் அழுதது சாதாரண அழுகை இல்லை. மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, சத்தமே வராமல், உதடு நீலம் பாரித்து, அப்புறம்தான் வீறிட்டான். என் கழுத்தில் பதிந்த நகக்குறி இன்னும் இருக்கிறது. “புள்ளைய வெளிய தூக்குத்தா” என்று அத்தை கத்தினார். கைகழுவும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே கொஞ்ச நேரத்தில் அந்த முயல் வேஷக்காரர் வந்து, தலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பாவம், கல்லூரி வயசுப் பையன், வேர்வையில் நனைந்திருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தம்பி அந்தக் கழன்ற தலையைப் பார்த்துவிட்டான்.

நிகழ்ச்சியே 25 நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். மீதி நேரம் வாசலில் மினுக்கும் பொம்மை விற்றார்கள்.

அங்கேயே நடத்துபவரிடம் கேட்டேன். “டிக்கெட் காசு எங்ககிட்ட இல்லம்மா, ஆப்ல கேளுங்க” என்றார். ஆப்பில் கேட்டால், “நாங்கள் டிக்கெட் விற்கும் தளம் மட்டுமே, நிகழ்ச்சிக்குக் குழுதான் பொறுப்பு” என்று பதில் வந்தது. முன்வரிசைக்குப் பணம் வாங்கிவிட்டு ஆறாவது வரிசையில் உட்காரவைத்ததைப் படத்தோடு அனுப்பினேன். “நிகழ்ச்சி நடந்து முடிந்துவிட்டதால் பணம் திரும்பத் தர இயலாது, உங்கள் கருத்துக்கு நன்றி” என்றார்கள். நான் கருத்துச் சொல்லவில்லை. என் 3,672 ரூபாயைக் கேட்டேன். நேற்றுக் காலை அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். குரல் அதேதான். “குழந்தைன்னா அழத்தான் செய்யும் மேடம், நீங்கதான் பழக்கணும்” என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போது அவருடைய வாட்ஸப் படம்கூட எனக்குத் தெரிவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தோன்றியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போனில் கேட்காதீர்கள், வாட்ஸப்பில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். என்னிடம் இன்று ஆதாரமில்லாமல் போனது அந்தப் பேச்சுதான். விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், அவர்கள் இப்போது ‘கைப்பொம்மை’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். முதல் தடவை நான்கு டிக்கெட் வேண்டாம், கதவுப் பக்கம் ஒரு பெரியவரும் பிள்ளையும் போதும். ஏமாந்துவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், நான் பதிந்துவிட்டேன். இணையத்தில் விற்கிறவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் இருக்கிறது. தீர்க்காவிட்டால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை.

காலுறை முயலை அவன் அப்பா பீரோவுக்கு மேல் ஒளித்து வைத்திருக்கிறார். தம்பி தூக்கத்தில் மறுபடி சிணுங்குகிறான், போகிறேன்.