புதுச்சேரியில் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் பயிற்சி: போகலாமா?

மெல்லிய கால்வாய்களில் திரவங்களை ஓட்டிக் கையாளும் நுட்பம்தான் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்; அதில் இங்கே ஒரு கல்லூரி நடத்திய பயிற்சி இது. பி.பார்ம் பசங்களுக்குச் சரி, ஆராய்ச்சி மாணவர்களுக்குப் போதாது. செய்முறை அருமை: சிப் எனும் சின்னத் தகட்டில் உள்ள முடியளவு கால்வாயில் சிவப்பும் நீலமுமாக இரண்டு சாயத்தைச் சிரிஞ்ச் பம்பில் தள்ளினால் கலக்காமல் அக்கம்பக்கமாகவே ஓடுகிறது, அவ்வளவு சின்ன இடத்தில் சுழல் கிடையாது, மெல்லப் பரவித்தான் கலக்கும் என்பது கண்ணாலேயே புரிந்துவிடும். கால்வாயின் அடியில் வரிப்பள்ளம் போட்ட சிப்பை மாட்டியதும் இரண்டும் கலந்து ஊதாவாகிவிட்டது! சூடு சட்டென வெளியேறுவதால் நைட்ரேற்றம் மாதிரி சூடு கிளப்பும் ஆபத்தான வினைகளையும் கட்டுக்குள் வைக்கலாம் என்றார்கள்.

ஆனால் சிப் எல்லாம் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர். டொலுயீன் மாதிரி கரைப்பான் பட்டால் உப்பிவிடும் சரக்கு அது. மருந்துத் தயாரிப்பு என்று விளம்பரம் செய்தால் கண்ணாடி சிப்போ டெஃப்லான் குழாயோ வேண்டாமா? மதியச் சாப்பாடு சுமார். பக்கத்தில் கடலூர் சிப்காட் இருந்தும் ஒரு ஆலைக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை.