கல்யாணப் பூச்செண்டைப் பதப்படுத்தக் கொடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

கல்யாணப் பூச்செண்டை ரெசினில் (ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) பதித்து நினைவுப் பொருளாக்கித் தருவதாக முகநூலில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் என் தங்கையின் பூச்செண்டைக் கொடுத்தோம். 780 மலேசிய வெள்ளி, முழுப் பணமும் முன்கூட்டியே. திரும்பி வந்த கட்டிக்குள் இருப்பது எங்கள் பூ இல்லை.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்த வேலை தெரிந்தவர் கிடைப்பது அரிது. கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நேரில் வந்து பார்க்க மாட்டார்கள் என்ற துணிச்சலில்தான் இப்படிச் செய்கிறார்கள்.

வரவேற்பன்று தங்கை பிடித்திருந்தது கேமரன் மலை வெள்ளை ரோஜாவும் வெளிர் ஊதா யூஸ்டோமாவும் சேர்த்த செண்டு. பெரியம்மா அதன் கழுத்தில் மல்லிகைச் சரம் ஒன்றைச் சுற்றிவிட்டார். லயத்து வீட்டுக்குப் பின்னால் அவரே வளர்த்த செடியில் பறித்த பூ. வாழை நாரில் அவரே தொடுத்தது. பால்மரம் வெட்டிக் காய்ப்பேறிய விரல்கள், இன்றும் நார் அறுபடாமல் முடிச்சுப் போடுகின்றன. தங்கைக்கு ரோஜாவைவிட அந்தச் சரம்தான் பெரிது. மறுநாள் காலை அவர்களுடைய ஆள் வந்து, ஐஸ் பெட்டியில் வைத்து வாங்கிச் சென்றார்.

சொன்ன நாளுக்கு முன்பே கூரியரில் கட்டி வந்தபோதே எனக்கு உறுத்தியது. மேற்பரப்பில் விரல் வைத்தால் பிசுபிசுத்தது. இதழ்களைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் வெண்மை, பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மல்லிகையைக் கோத்திருந்தது பச்சை நைலான் நூல். ஊதாப் பூவின் இதழ் விளிம்பு ரம்பம்போல் வெட்டுவெட்டாக இருந்தது, அது கார்னேஷன். எங்கள் யூஸ்டோமாவின் விளிம்பு வழவழப்பானது, கல்யாணப் படங்களில் தெளிவாகத் தெரிகிறது.

கேட்டதற்கு வந்த பதில்: "அக்கா, இயற்கைப் பூ, காய்ந்தால் மாறத்தான் செய்யும்." நிறம் மாறும், உண்மைதான். வெள்ளை ரோஜா பழுப்பேறும், சிவப்பு ரோஜா கறுத்துப்போகும். மல்லிகை வெண்மையாகவே இருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. ஆனால் நார் நூலாக மாறாது. நான்கைந்து படங்களை அருகருகே வைத்து அனுப்பியதும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

வேலை தெரிந்தவர் எப்படிச் செய்வார் என்பதை அறிந்துகொண்டால் கேள்வி கேட்க எளிது. பூவை முதலில் சிலிக்கா ஜெல்லில் புதைத்து ஈரத்தை முழுவதும் இழுக்க வேண்டும். ரோஜாவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம், தடித்த பூவுக்கு இன்னும் அதிகம். ஈரம் தங்கிய பூவின்மேல் ரெசினை ஊற்றினால் அது மங்கும், குமிழி வரும், பூ உள்ளேயே பழுப்பாகும். ரெசினோடு சேர்க்கும் இறுக்கியின் அளவு தவறினால் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் பிசுபிசுப்பு போகாது. பெரிய கட்டியை ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும்; அடுக்கடுக்காக ஊற்றி, ஒவ்வோர் அடுக்கும் இறுகக் காத்திருக்க வேண்டும். இத்தனையும் முடிய வாரங்கள் ஆகும். "பத்தே நாளில் தருகிறோம்" என்பவரிடம் பூவைக் கொடுக்காதீர்கள்.

பூ போய்ச் சேர்ந்த அன்றே, அது சிலிக்காவில் இருக்கும் படத்தை, பக்கத்தில் உங்கள் பெயர் எழுதிய தாளோடு கேளுங்கள். கொடுப்பதற்கு முன்பு செண்டை நாலாபுறமும் நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். வியாபாரப் பதிவு எண்ணையும் முகவரியையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். இது முக்கியம்: பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்க எதிராளியின் முகவரி தேவை.

எங்கள் ரசீதில் முகவரி இருந்ததால் அங்கே மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பணம் திரும்பி வரலாம். பெரியம்மா தொடுத்த சரம் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விசாரணை முடியும்வரை பெயரைச் சொல்லவில்லை. இதுபோல் பச்சை நூல் சரத்தோடு உங்களுக்கும் கட்டி வந்திருந்தால், அதைத் தூக்கி எறியாமல், கல்யாணப் படங்களோடும் பணம் கட்டிய ஆதாரத்தோடும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள்.