பெண் காவலர்களுக்குச் சீருடை தைக்க கோட்டாறில் ஒரு கடை

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் தலைமைக் காவலர். சீருடை தைக்க நாகர்கோவில் கோட்டாறில் ஒரு சின்னக் கடைக்குத்தான் போகிறேன். பெண்களுக்கு அளவெடுப்பது கடைக்கார அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு அக்கா. டேப்பை எடுக்கும் முன்பே, "எங்கம்மா டூட்டி, ஸ்டேஷன்லயா, ரோட்டுலயா?" என்று கேட்டுவிடுவார்.

கேட்க வேண்டிய கேள்விதான். மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோவில் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு இருமுடி கட்டி வருவதில் பெண்கள்தான் அதிகம். அதனால் பந்தோபஸ்தும் எங்கள் தலையில்தான் விழும். வெயிலிலும் கடற்காற்றிலும் நாள் முழுக்க நின்றால் டெரிகாட்டன் பேன்ட் தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கிவிடும். அக்கா பருத்தி கூடிய காக்கியாக எடுக்கச் சொன்னார். கவட்டில் உள்பக்கம் மெல்லிய துணி கொடுத்துத் தைத்ததால் தையல் உறுத்தவில்லை.

அப்புறம் அந்தக் கொக்கி. பந்தோபஸ்தில் கழிப்பறை கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் பெல்ட், விசில் கயிறு, உள்ளே செருகிய சட்டை எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டுவதற்குள் வெளியே கதவைத் தட்டுவார்கள். இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நின்று நீர்க்கடுப்பு வாங்கியவர்கள் எங்களில் நிறையப் பேர். பட்டனுக்குப் பதிலாகத் தட்டைக் கொக்கியும் கனமான ஜிப்பும் வைத்துக் கொடுத்தார், ஒரு கையால் கழற்றிவிடலாம். வண்டி ஓட்டும்போது சட்டையும் மேலே ஏறுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. குடியரசு தின, சுதந்திர தின அணிவகுப்பு நெருங்கினால் சொன்ன தேதிக்குத் துணி வராது. போட்டுப் பார்க்க ஒரு திரைமறைவுதான், ஆளுயரக் கண்ணாடிகூட இல்லை. சட்டை, பேன்ட் சேர்த்துத் தையல்கூலி 1,100 ரூபாய், கொஞ்சம் கூடுதல்தான்.

சரி, தையலால் தீர்வது அவ்வளவுதான். 1973இல் 22 பேரோடு தொடங்கியது தமிழ்நாடு மகளிர் காவல். 2023 பொன்விழாவில்தான் எங்களுக்கு ரோல் கால் என்கிற வருகை அணிவகுப்பைக் காலை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்க அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு உதவும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். வார விடுமுறைக்கு 2021இல் அரசாணையே வந்தது. ஆனால் திருவிழாவும் வி.ஐ.பி. வருகையும் அடுத்தடுத்து வந்தால் அது தள்ளிக்கொண்டே போகும். தைத்த துணியை வாங்கப் போகக்கூட நேரம் கிடைக்காது.

அப்படி மாட்டிக்கொண்டால் போன் பண்ணிச் சொல்லுங்கள், இரவு ஒன்பதரை வரை கடையில் இருப்பார்கள். ஞாயிறு கடை கிடையாது.