இஎஸ்எல் இன்டர்ன்ஷிப்: சின்ன வகுப்பா, ஹைஸ்கூலா, நூலகமா?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப் என்றதும் வீட்டில் அடிபடுவது ஆஸ்பத்திரியும் கம்ப்யூட்டர் கம்பெனியும்தான். 'இஎஸ்எல் டீச்சருக்கு (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுப்பவருக்கு) உதவியாகப் போகிறேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'அங்கே போய் என்ன கத்துக்கப் போறே?' என்றுதான் கேட்பார்கள். நிறையவே கற்கலாம். ஆனால் எந்த இடத்தில் போய் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது அடியோடு மாறும். பெயர் ஒன்றுதான், ஓரிடத்தில் ஒரு குழந்தை முதல் வாக்கியம் பேசுவதைக் கேட்பீர்கள், இன்னோரிடத்தில் ஜெராக்ஸ் மெஷினோடு ஒரு செமஸ்டர் போய்விடும். நான் தொடக்கப்பள்ளியில் இஎஸ்எல் சொல்லிக்கொடுப்பவள். அதனால் எனக்குச் சின்னப் பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கொஞ்சம் பின்னணி. ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களை இங்கே இஎல்எல் என்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர், அதாவது 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். இந்த உதவி பள்ளிகள் இரக்கப்பட்டுச் செய்வதல்ல. சான்ஃபிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தரப்பில் தொடுக்கப்பட்ட 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இதற்கு அடிப்படை. பாடம் நடக்கும் மொழியே புரியாத பிள்ளைக்கு, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்பது அதன் சாரம்.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது கொடுக்கும் வீட்டுமொழிப் படிவத்தில் 'தமிழ்' என்று எழுதியதும் பிள்ளையை ஆங்கிலத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இது எதற்கு என்று கொதித்து, அடுத்த பிள்ளைக்கு 'ஆங்கிலம்' என்று மாற்றி எழுதிவிடும் பெற்றோர் உண்டு. நான் பார்த்தவரையில், சின்ன வயதில் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்து வந்தவர்கள்தான் பின்னாளில் நல்ல இன்டர்ன்களாக வருகிறார்கள்.

சரி, இடங்களுக்கு வருவோம். தொடக்கப்பள்ளியில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று புஷ்-இன்: இஎஸ்எல் ஆசிரியர் பொது வகுப்புக்குள்ளேயே போய், அங்கே நடக்கிற பாடத்தில் இந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பார். இன்னொன்று புல்-அவுட்: நாலைந்து பிள்ளைகளைத் தனியே ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போய் அரை மணி, முக்கால் மணி நேரம் பாடம் நடத்துவார். எது நல்லது என்று ஆசிரியர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. தனியே அழைத்துப்போனால் அந்த நேரத்துப் பாடம் பிள்ளைக்குப் போய்விடுகிறது, 'இவன் வேற' என்ற முத்திரையும் விழுகிறது என்பார்கள். இன்று பல பள்ளி மாவட்டங்கள் புஷ்-இன் பக்கம்தான் நகர்கின்றன. பிள்ளைகளுக்கு அது சரியாகவே இருக்கலாம்.

இன்டர்னுக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி. புஷ்-இன் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதாகப் போகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு இயல்பாகவே கத்தரிக்கோலும் லேமினேட் மெஷினும்தான் கைக்கு வரும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தைந்து குழந்தைகள் இருக்கும் அறையில் இன்டர்னுக்கு என்று வேலை யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

ஆனால் புஷ்-இன்னில் மட்டுமே கண்ணில் படும் ஒன்று இருக்கிறது. இரண்டாம் வகுப்புக் கணக்கு: சாமிடம் 12 பென்சில், லீனாவிடம் 7. 'ஹௌ மெனி மோர்' என்று கேள்வி. கழித்தல் நன்றாகத் தெரிந்த பையன் 19 என்று எழுதுவான். 'மோர்' என்றாலே கூட்டு என்று எங்கேயோ பதிந்துவிட்டது. கணக்கு தெரியாத பையன் என்று டீச்சர் குறித்துக்கொள்வார். அதே பென்சில்களை மேஜையில் இரண்டு வரிசையாக அடுக்கி, துணையில்லாமல் நிற்கும் ஐந்தைத் தொட்டுக் காட்டினால் அடுத்த நொடியில் சரியான விடை வரும். தடை கணக்கில் இல்லை, கேள்வியின் மொழியில் இருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிக்கொடுக்காது. விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேசும் பிள்ளை பாடத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் சொன்ன விளக்கம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடத்துக்கான ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை ஆகும்.

புல்-அவுட் அறையில் கதையே வேறு. வட்ட மேஜை, நாலு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு இன்டர்ன். இரண்டாவது வாரமே 'இந்த ரெண்டு பேரை நீ பார்த்துக்கோ' என்று சொல்லிவிடுவோம். படத்தைக் காட்டி, 'ஐ திங்க்... பிகாஸ்...' என்று பாதி வாக்கியத்தை எழுதிக் கொடுத்து மீதியைப் பிள்ளையைச் சொல்லவைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். உண்மையில் பெரும்பாலான இன்டர்ன்கள் இங்கேதான் தவிக்கிறார்கள், காரணம் காத்திருக்க முடியாமை. கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி கூடப் பொறுக்காமல் தாங்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களே அப்படித்தான் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்பதையும் அவரே கண்டார். இரண்டாவது மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு மூன்று நொடியும் போதாது. வாய்க்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லித்தான் இன்டர்ன்களைப் பழக்குகிறேன்.

அப்புறம் பேசாத பிள்ளைகள். புதிதாக வந்த சில குழந்தைகள் மாதக்கணக்கில் வாய் திறக்க மாட்டார்கள். இது கோளாறு அல்ல. காது நிறைந்துகொண்டிருக்கும் காலம். 'இவ என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறா' என்று சுருங்கிப்போகிற இன்டர்னிடம், படத்தைத் தொடச் சொல்லு, தலையாட்டச் சொல்லு, போதும் என்பேன். அந்த அமைதியோடு நிதானமாக உட்காரத் தெரிந்துவிட்டால் பாதி வேலை கற்ற மாதிரி. என் தீர்ப்பு புல்-அவுட்தான், ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அதே பிள்ளைகளின் பின்னாலேயே பொது வகுப்புக்கும் போய் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சின்ன அறையில் செய்வதெல்லாம் எதற்காக என்பது தெரியாமலே போய்விடும்.

ஹைஸ்கூலில் புதிதாக வந்தவர்களுக்கான நியூகமர் வகுப்பு எடை கூடிய இடம். இதற்கென்றே தனிப் பள்ளிகளும் உண்டு. நியூயார்க்கில் லகார்டியா கம்யூனிட்டி காலேஜ் வளாகத்தில் 1985-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஹைஸ்கூல் அதற்கு முன்னோடி. அதிலிருந்து ஒரு வலைப்பின்னலே வளர்ந்திருக்கிறது. பள்ளிப்படிப்பு இடையில் அறுந்துபோனவர்கள், இரவில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பில் கண் சொருகுகிறவர்கள், பதினேழு வயதில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் இங்கே இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால் இன்டர்னுக்கும் அதே வயது. மதியம் கேன்டீனில் பக்கத்து மேஜையில் சாப்பிடும் பெண், காலையில் தன்னைத் திருத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அங்கே 'டீச்சர்' வேஷம் எடுபடாது. பயாலஜி லேபில் கூட்டாளியாக நின்று, அல்ஜீப்ராவில் ஒரே தாளில் சேர்ந்து போட்டுப் பழகுகிறவர்கள்தான் நிலைக்கிறார்கள். இன்னொன்று, எப்படி வந்தாய், அப்பா அம்மா எங்கே என்றெல்லாம் கேட்கவே கூடாது. குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிக் கதவை மூடக்கூடாது என்று 1982-இல் 'பிளைலர் எதிர் டோ' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அதைக் கொண்டுபோய்க் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். மற்ற இடங்களைவிட இங்கே பார்ப்பது ஆழமாக இருக்கும். ஆனால் பதினோராம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

இருமொழிப் பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1963-இல் மயாமியின் கோரல் வே பள்ளி, கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் அந்த மாதிரி பரவியிருக்கிறது. ஏபி ஸ்பானிஷ் (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) வரை படித்த பிள்ளை என்றால் யோசிக்காமல் போகலாம். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் பாதி நாள் நீங்களும் மாணவர்தான். அது மோசமில்லை, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைத் திருத்துவதைத் தாங்கிக்கொள்ளும் மனசு வேண்டும், அவ்வளவுதான். வீடியோ வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இன்டர்ன்ஷிப்புகளை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை. பெரும்பாலும் மேற்பார்வை கிடையாது, மணி நேரக் கணக்கு மட்டும் ஏறும்.

யாரும் கணக்கில் எடுக்காத இடம் ஒன்று இருக்கிறது: நூலகத்திலும் சமூகக் கூடங்களிலும் மாலையில் நடக்கும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு, பேச்சு வட்டம். பிள்ளையின் பள்ளிக்குப் போன் செய்து 'இன்று காய்ச்சல், வரமாட்டான்' என்று சொல்ல வேண்டும். டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். குடியுரிமை நேர்காணலில் மூன்று வாக்கியங்களில் ஒன்றையாவது சரியாக வாசிக்க வேண்டும், மூன்றில் ஒன்றையாவது சரியாக எழுத வேண்டும். தேவைகள் அவ்வளவு துல்லியம். 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழிப்பவரைப் பார்த்தால் இனிஷியலோடு வளர்ந்த நமக்குச் சொல்லாமலே புரியும். விடுமுறைக்கு வந்திருக்கும் நம்ம ஊர்ப் பாட்டிகளும் சில நூலகங்களில் வந்து உட்காருவதுண்டு.

இங்கே இன்டர்னுக்குக் கிடைப்பது உடனடிப் பதில். வேகமாகப் பேசினால் குழந்தை பேசாமல் இருந்துவிடும்; பெரியவர் 'மெதுவா சொல்லு' என்று கையைக் காட்டிவிடுவார். ஒரே மாலையில் உங்கள் ஆங்கிலம் எவ்வளவு சுற்றி வளைத்தது என்பது தெரிந்துவிடும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு: அப்பா வயதுள்ளவரை எப்படித் திருத்துவது? வாங்க போங்க என்று பழகிய வாய்க்கு, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவே வராது. தப்பைச் சுட்டிக்காட்டாமல் அதே வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடர்கிற உத்தி இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. மரியாதையும் கெடாது, வேலையும் நடக்கும். குறை என்றால், ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள். போன வாரப் பாடத்தின் பலனைப் பார்க்க முடியாது. உங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு இது சரி, இது தப்பு என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பதும் நிச்சயமில்லை.

கோடை விடுமுறையில் ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் நூலகத்துக்கே என் ஓட்டு. முழுப் பள்ளி ஆண்டு, அல்லது முதல் செமஸ்டர் முழுவதும் கையில் இருக்கிறது என்றால் தொடக்கப்பள்ளி. 'முதல் செமஸ்டர்' என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்திருக்கும் விடா அமைப்பு ஆண்டுதோறும் ஆங்கிலத் திறனை அளக்க நடத்தும் ஆக்சஸ் தேர்வு பல இடங்களில் ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் நடக்கிறது. கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் நாலையும் எல்லா இஎல்எல் பிள்ளைகளுக்கும் நடத்தி முடிக்க வேண்டும். அந்த வாரங்களில் எங்கள் குழு வகுப்புகள் வரிசையாக ரத்தாகும், தேர்வு அறைக்குள் இன்டர்னை விடவும் முடியாது. ஜனவரியில் ஆசையாக வந்து சேரும் பிள்ளைகள் காலி அறையில் தங்கள் ஹோம்வொர்க்கைச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் போன்ற மாநிலங்களுக்குச் சொந்தத் தேர்வு; மாதம் மாறும், நிலைமை இதேதான்.

தமிழ் தெரிந்த இன்டர்ன்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்துவிட்டால் ஆபீசிலிருந்து உங்களைத்தான் தேடுவார்கள். வழி காட்டலாம், குழந்தையோடு இரண்டு வார்த்தை பேசிப் பயத்தைத் தெளியவைக்கலாம். ஆனால் பிள்ளையின் மதிப்பெண், உடல்நிலை, சிறப்புக் கல்வி பற்றிய பெற்றோர் கூட்டத்தில் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். அது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை; மாணவர்களை அதற்குப் பயன்படுத்துவது தவறு. 'எனக்கு அதற்குப் பயிற்சி இல்லை' என்று பணிவாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளைகளைப் பற்றி அங்கே தெரியவருவதை வெளியே பேசாமல் இருப்பதும் அப்படித்தான். மாணவர் விவரங்களைக் காக்க 1974 முதல் ஃபெர்பா என்ற சட்டமே இருக்கிறது. வகுப்பில் எடுத்த போட்டோ இன்ஸ்டாகிராமுக்குப் போகக்கூடாது.

இடத்தை முடிவு செய்யுமுன் அந்த ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் பிள்ளைகளோடு இருக்கும்போது யார் பார்ப்பார்கள், எப்போது அதைப் பற்றி என்னிடம் பேசுவார்கள்? 'வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்ல ஒரு பத்து நிமிஷம்' என்கிற மாதிரி தெளிவான பதில் வந்தால், புஷ்-இன் ஆனாலும் புல்-அவுட் ஆனாலும் அங்கே சேரலாம். 'பார்த்துக்கலாம்' என்றால் அடுத்த பள்ளிக்குப் போன் போடுங்கள். பல மாவட்டங்களில் பின்னணிச் சோதனைப் படிவம், சில இடங்களில் டிபி பரிசோதனை என்று வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்தப் போனை ஆகஸ்டிலேயே போட்டுவிடுவது நல்லது.