ஏஇ1/ஏஇ3, சிகே7, சிகே20: மனிதத் திசுவுக்கு வாங்கிய பாட்டில் நாய்க்கட்டிக்கும் ஆகுமா?

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துச் சின்ன லேப்களுக்கு மனித பயாப்சியும் வரும், நாயின் மடிக்கட்டியும் வரும். இரண்டுக்கும் ஒரே கெரட்டின் ஆன்டிபாடி (திசுவில் கெரட்டின் புரதம் இருக்கும் இடத்தில் ஒட்டி, அதைப் பழுப்பாகக் காட்ட உதவுவது) ஓடுமா என்றால், ஓடும். ஆனால் தலைப்பில் உள்ள மூன்று பாட்டிலையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது.

முதலில் வாங்க வேண்டியது ஏஇ1/ஏஇ3, பல வகைக் கெரட்டினை ஒன்றாகப் பிடிக்கும் கலவை. நாய், பூனை, மாடு எல்லாவற்றிலும் நன்றாகப் பிடிக்கிறது. கட்டி எபிதீலியத்தில் (தோல், சுரப்பி, உள்ளுறுப்புகளின் மேற்பூச்சுத் திசுவில்) கிளம்பியதா என்று மட்டும்தான் இது சொல்லும், சுரப்பியா என்று சொல்லாது. சுரப்பியில் வராத மாட்டுக் கொம்புப் புற்றும் பழுப்பாகும், சுரப்பியில் வரும் நாயின் மடிப்புற்றும் பழுப்பாகும். இதை மட்டும் வைத்து ‘அடினோகார்சினோமா’ (சுரப்பிப் புற்று) என்று எழுதிவிட்டுப் பாட்டிலைக் குறை சொல்லக் கூடாது. மனிதக் கல்லீரல் செல் புற்றில் பல சமயம் பிடிக்காது. அதற்குக் கேம் 5.2 என்ற இன்னொரு கெரட்டின் ஆன்டிபாடி தனியாக வேண்டும்.

சிகே7, சிகே20 (சைட்டோகெரட்டின் 7, 20 என்ற ஒவ்வொரு வகையை மட்டும் பிடிப்பவை) ஜோடி மனிதரில் வாங்கிய காசுக்கு வேலை செய்யும். எங்கிருந்து பரவியது என்று தெரியாத கட்டியில் சிகே7 நெகட்டிவ், சிகே20 பாசிட்டிவ் என்றால் பெருங்குடலைத் தேடலாம். நேர்மாறாக வந்தால் மார்பகம், நுரையீரல், சினைப்பை. அந்த அட்டவணையை அப்படியே நாய்க்குக் கொண்டு போகக் கூடாது. மனிதப் புராஸ்டேட் புற்றில் சிகே7 பெரும்பாலும் பிடிக்காது. நாயில் பிடிப்பது உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றா புராஸ்டேட்டா என்று சிகே7 ஒன்றை வைத்துப் பிரிக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். நாயின் கலப்பு மடிக்கட்டிக்கு இந்த ஜோடியைவிட சிகே14, பி63 வாங்குவது மேல். மயோஎபிதீலியம் (சுரப்பியைச் சுற்றியுள்ள, சுருங்கும் செல்கள்) எது என்று அவைதான் காட்டும்.

ரெடி-டு-யூஸா (நீர்த்தே வருவது), கான்சன்ட்ரேட்டா (நாமே நீர்க்க வேண்டியது)? 7 மில்லி ரெடி பாட்டில், ஸ்லைடுக்கு 100 மைக்ரோலிட்டர் என்றால் கணக்குக்கு 70 ஸ்லைடு. அது மனிதத் திசுவுக்கென்று நீர்த்தது. நாய்த் திசுவில் மங்கலாக வந்தால் அடர்த்தியைக் கூட்ட வழியில்லை. கால்நடை வேலை இருக்கிற லேப் 0.1 மில்லி கான்சன்ட்ரேட் வாங்கி 1:50, 1:100, 1:200 என்று நாய்த் திசுவிலேயே போட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். 1 மில்லி குப்பி மலிவாகத் தெரியும். 1:100-இல் ஆயிரம் ஸ்லைடு வரும், சின்ன லேப்பில் தீர்வதற்குள் காலாவதியாகிவிடும்.

சாயம் கெடுவதில் பாதி ஃபார்மலினில்தான். கடையில் வாங்கிய அடர் ஃபார்மலினை நீர்க்காமல் அப்படியே ஊற்றி அனுப்புகிறார்கள். 100 மில்லி ஃபார்மலின், 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 6.5 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், இதுதான் கலவை. திசுவைப் போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். பெரிய மடிக்கட்டியை அறுக்காமல் போட்டால் ஓரம் மட்டும் சாயம் ஏறும், நடுவில் ஏறாது.

வெட்டு 4 மைக்ரான், பாசிட்டிவ் சார்ஜ் ஸ்லைடு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். அடுத்து, ஃபார்மலின் மறைத்த கெரட்டினை ஆன்டிபாடிக்குத் திறந்துவிட டிரிஸ்-இடிடிஏ பஃபர், பி.எச். 9, 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம். இந்தக் கட்டத்தில்தான் கொழுப்புள்ள மடித்திசு கழன்று மிதக்கும். காய வைத்ததில் அவசரப்பட்டிருப்பீர்கள். வெட்டை மிதக்கவிடும் வாட்டர் பாத்தில் ஜெலட்டின் போடாதீர்கள், பின்னணி அழுக்காகும். பல்லடம், திருப்பூர் பக்கத்து போர் தண்ணீரில் பஃபர் கலக்கவே வேண்டாம், பி.எச். நிலைக்காது.

நாய்த் திசுவில் பிளாஸ்மா செல்கள் பழுப்பாகத் தெரிந்தால் அது கெரட்டின் இல்லை. பிரைமரி என்பது கெரட்டினைப் பிடிக்கும் சுண்டெலி ஆன்டிபாடி; அதைப் பிடிக்க வந்த செகண்டரி ஆன்டிபாடி, பிளாஸ்மா செல்லில் உள்ள நாயின் சொந்த ஆன்டிபாடியையும் (இம்யூனோகுளோபுலின்) பிடித்திருக்கும். பிரைமரி போடாத ஒரு ஸ்லைடைக் கூடவே ஓட்டினால் உடனே தெரிந்துவிடும். பாசிட்டிவ் கன்ட்ரோலும் அதே விலங்கினுடையதாக இருக்கட்டும்: ஏஇ1/ஏஇ3-க்கு நாயின் தோல், சிகே7-க்கு பித்தநாளம், சிகே20-க்கு குடல்.