நாட்கோ ரிஸ்டிப்ளாம் 60 மி.கி. பாட்டில் – மூணு மாசம் குடுத்துப் பாத்ததுல

என் தங்கச்சி பொண்ணுக்கு எஸ்எம்ஏ டைப் 2 (ஜீன் கோளாறால தசையெல்லாம் பலவீனமாகுற நோய்). நாலு வயசு, உக்காருவா, நிக்க முடியாது. இந்த மருந்து ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். அளவெல்லாம் உங்க நியூரோ டாக்டர் சொல்றதுதான்.

முதல்ல காசு. நம்ம நாட்டு நாட்கோ கம்பெனி பண்ற இதோட எம்ஆர்பி 15,900. இதே மருந்தோட ஒரிஜினல், ரோஷ் கம்பெனியோட எவ்ரிஸ்டி, இதே பாட்டில் ஆறு லட்சம் பக்கம் இருந்துச்சு. ஆனா பாட்டில் விலைய மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்க, எத்தனை நாள் வரும்னு கணக்கு போடுங்க. ரெண்டு வயசுக்கு மேல, 20 கிலோவுக்குள்ள இருந்தா கிலோவுக்கு 0.25 மி.கி., எங்க குட்டி 12 கிலோ, அப்ப தினம் 3 மி.கி., அதாவது கலக்குன மருந்துல 4 மில்லி, ஒரு பாட்டில் 20 நாள் ஓடும். 20 கிலோ ஆயிட்டா தினம் 5 மி.கி., 12 நாள்ல காலி, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 30 பாட்டில், 4.77 லட்சம். சாப்புடு சாப்புடுன்னு ஊட்டுற அம்மாச்சிகிட்ட இந்தக் கணக்க இன்னும் சொல்லல.

பவுடரா வரும், பார்மசிஸ்ட்தான் சுத்திகரிச்ச தண்ணிய அளந்து ஊத்தி கலக்கித் தரணும். முதல் தடவ வாங்குன கடையில அப்படியே கவர்ல போட்டு "வீட்லயே தண்ணி ஊத்திக்குங்கண்ணே, சிரப்புதான"ன்னுட்டான். நல்லவேளை பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அக்கா உடனே தடுத்தாங்க, ஆஸ்பத்திரி பார்மசிக்கு எடுத்துட்டு ஓடுனோம். கலக்குனது ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும். சிரிஞ்சுல வாயில, தினம் ஒரே நேரத்துல, பால்ல கலக்கக் கூடாது, துப்பிட்டா திரும்ப குடுக்கவும் கூடாது. முதல் வாரம் என் சட்டை மேலயே துப்பிட்டா, ஒரு நாள் மருந்து, 795 ரூபா, அப்படியே சட்டை மேல வழியுது, திட்டவும் முடியல சிரிக்கவும் முடியல.

இவங்களுக்கு எஸ்எம்என்1 ஜீன் வேலை செய்யாது, பக்கத்துல எஸ்எம்என்2ன்னு ஒரு ஸ்பேர் இருக்கு, அது தசைய இயக்குற நரம்புக்கு வேண்டிய புரதத்த அரைகுறையாத்தான் செய்யும், மருந்து அத ஒழுங்கா செய்ய வைக்குது. இதக் கண்டுபிடிச்சது ஒரே கம்பெனி இல்ல, எஸ்எம்ஏ ஃபவுண்டேஷன், பிடிசிங்கிற அமெரிக்க மருந்துக் கம்பெனி, ரோஷ் மூணு பேரும் சேந்து உழைச்சது, 2020 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அனுமதி. ஆனா இங்க நாட்கோவோட இந்த விலை குறைஞ்ச மருந்து நம்ம கைக்கு வர 2025 அக்டோபர் ஆயிடுச்சு, அதுவரைக்கும் ரோஷ் போட்ட பேட்டன்ட் கேஸ் நடந்துச்சு, நோயாளிங்களே கோர்ட் ஏறுனாங்க. டெல்லி ஹைகோர்ட் நாட்கோவ தடுக்க மாட்டேன்னுச்சு, சுப்ரீம் கோர்ட்டும் தலையிடல. அந்த நோயாளிங்க போராடலன்னா எனக்கு இந்த ரிவியூ எழுதவே வழியில்ல.

பலன்? ஓடி ஆடுவான்னு எதிர்பாக்காதீங்க. முன்னாடி கிரேயான் புடிச்சா ரெண்டு கோட்டுல கை தொங்கிடும், இப்ப ஒரு பக்கம் முழுசா கிறுக்குறா. மருந்தா பிசியோவான்னு பிரிச்சு சொல்லத் தெரியல. மொத ரெண்டு வாரம் வயிறு கொஞ்சம் லூசா போச்சு, அப்புறம் சரியாயிடுச்சு.

மருந்துக்கு அஞ்சு ஸ்டார், அந்தக் கடைக்கு ஒண்ணும் கிடையாது. கையில இருக்குற பாட்டில் முடியுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அடுத்ததுக்கு சொல்லி வச்சிடுங்க, கேட்ட உடனே எல்லா கடையிலயும் கிடைக்காது.