ஸ்டாண்ட்பையில் ரிப்போர்ட் ஓட்டினால் பில் யாருக்கு வரும்? போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர்

டேட்டாபேஸ் ஓடும் முதன்மை சர்வர் (பிரைமரி) விழுந்தால் அதன் இடத்தில் நிற்க, ஸ்டாண்ட்பை சர்வர் என்று ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் மேலிடத்துக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். "இவ்வளவு பெரிய மெஷின் சும்மாதானே கிடக்குது, ரிப்போர்ட்டையெல்லாம் அங்கே தள்ளிவிட்டால் என்ன?" தள்ளலாம்தான். ஆரக்கிள் 2007-இல் 11ஜி-யோடு ஆக்டிவ் டேட்டா கார்டைக் கொண்டுவந்தது. போஸ்ட்கிரெஸ் 2010-இல் 9.0-இல் ஹாட் ஸ்டாண்ட்பை தந்தது. எஸ்க்யூஎல் சர்வருக்கு 2012-இல் ஆல்வேஸ் ஆன் வந்தது. பிரைமரியிலிருந்து லாக் (டேட்டாவில் நடக்கும் மாற்றங்களின் பதிவு) வந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே செலக்ட் (படிக்கும் குவெரி) ஓட்ட மூன்றிலும் வழி உண்டு.

வித்தியாசம் தெரிவது நாற்பது நிமிட ரிப்போர்ட் ஓடும்போதுதான். காலை 10 மணிக்குத் தொடங்கிய குவெரி, 10 மணிக்கு இருந்த டேட்டாவைத்தான் கடைசிவரை பார்க்க வேண்டும். லாக்கோ புது மாற்றங்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். மாறுவதற்கு முந்தைய அந்தப் பழைய வரிகளை (டேபிளின் ரோக்களை) யார், எங்கே, யார் செலவில் வைத்திருப்பது? நான் இந்த மூன்றையும் தட்டிப் பார்ப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

போஸ்ட்கிரெஸில் பழைய வரிகள் டேபிளுக்குள்ளேயே கிடக்கும். 10:12-க்குப் பிரைமரியில் ஆட்டோவேக்கம் (வேண்டாத பழைய வரிகளைத் தானே அகற்றும் வேலை) வந்து அவற்றைப் பெருக்கித் தள்ளுகிறது என்று வையுங்கள். அந்தச் செய்தி லாக் வழியாக ஸ்டாண்ட்பைக்கு வரும். ரிப்போர்ட்டுக்கு அதே வரிகள் வேண்டும். 'மேக்ஸ் ஸ்டாண்ட்பை ஸ்ட்ரீமிங் டிலே' சொல்கிறபடி ஸ்டாண்ட்பை 30 நொடி பொறுக்கும், அப்புறம் குவெரியைக் கொன்றுவிடும். "கேன்சலிங் ஸ்டேட்மென்ட் டியூ டு கான்ஃபிளிக்ட் வித் ரெக்கவரி" என்ற எரர் செய்தியைப் பார்க்காத போஸ்ட்கிரெஸ் ஆள் குறைவு. இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று: அந்த 30 நொடி ஒவ்வொரு குவெரிக்கும் தனித்தனியாகக் கிடைப்பதல்ல. வந்து சேர்ந்த லாக்கை ஏற்றி முடிக்க இருக்கும் மொத்த அவகாசம் அது. முதல் குவெரி 28 நொடியைத் தின்றுவிட்டால், பின்னால் வந்து அதே இடத்தில் மோதும் குவெரிக்கு மிச்சம் 2 நொடிதான்.

சரி, அவகாசத்தை -1 ஆக்கி எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று சொல்லலாம். ரிப்போர்ட் பிழைக்கும், ஸ்டாண்ட்பை பின்தங்கும். அந்த நேரம் பார்த்துப் பிரைமரி விழுந்தால், தேங்கிய லாக்கையெல்லாம் ஏற்றி முடித்த பிறகே ஸ்டாண்ட்பை எழுந்து நிற்கும். இன்னொரு வழி 'ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்'. "எனக்கு இந்த வரிகள் இன்னும் வேண்டும்" என்று ஸ்டாண்ட்பை பிரைமரியிடம் சொல்லும், வேக்கம் கை வைக்காது. பிரைமரி டேபிள் வீங்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு ரிப்போர்ட் டூல் வெள்ளிக்கிழமை மாலை கர்சரைத் (குவெரி முடிவைத் துண்டு துண்டாகப் படிக்கும் பிடி) திறந்தது, மூடவில்லை. எம்பி கணக்கில் இருக்க வேண்டிய க்யூ டேபிள் திங்கள் காலை ஜிபி கணக்கில் உப்பிக் கிடந்தது. பிரைமரியில் எந்த செஷனைத் தேடினாலும் குற்றவாளி அகப்படவில்லை. ஆள்தான் அங்கே இல்லையே, ஸ்டாண்ட்பையில் அல்லவா. ஃபீட்பேக் போட்டும் குவெரி சாகிறது என்றால், வேக்கம் டேபிளின் வாலில் உள்ள காலியிடத்தை வெட்டும்போது எடுக்கும் பூட்டைச் சந்தேகப்படுங்கள். பதிப்பு 12 முதல் 'வேக்கம் ட்ரங்கேட்டை' டேபிள்வாரியாக அணைக்கலாம்.

ஆரக்கிள் இந்த விஷயத்தில் நாகரிகமானது. பழைய படிமம் அன்டூவில் (மாற்றத்துக்கு முந்தைய நிலையைச் சேர்த்துவைக்கும் இடம்) இருக்கும். அன்டூவில் நடக்கும் மாற்றங்களும் ரீடூ (ஆரக்கிளின் லாக்) வழியாகவே வந்து சேரும் என்பதால், ஸ்டாண்ட்பை தானே பழைய வரியைக் கட்டிக்கொள்ளும். லாக் ஏறுவதும் ரிப்போர்ட் ஓடுவதும் ஒன்றையொன்று இடிக்காது. ஆனால் அந்த அன்டூ பிரைமரியின் சொத்து. அங்கே இடம் போதாமல் மேலெழுதப்பட்டால் இங்கே ஓஆர்ஏ-01555 (பழைய படிமம் கிடைக்கவில்லை என்ற எரர்) வரும். ஸ்டாண்ட்பையில் எதைத் திருகியும் பயனில்லை, பிரைமரியில் அன்டூ ரிடென்ஷனையும் (வைத்திருக்கும் நேரம்) டேபிள்ஸ்பேஸையும் (அதற்கான இடம்) கூட்ட வேண்டும்.

டிஸ்க் செலவு பெரிதில்லை. பெரிது லைசென்ஸ். ஆக்டிவ் டேட்டா கார்டு என்டர்பிரைஸ் எடிஷனுக்கு மேல் தனிக்காசு, அதுவும் பிரைமரி, ஸ்டாண்ட்பை இரண்டுக்கும். பழக்கதோஷத்தில் ஸ்டாண்ட்பையில் வெறும் 'ஸ்டார்ட்அப்' அடித்தால் அது ரீட் ஒன்லியில் திறந்துகொள்ளும். அதற்குமேல் அப்ளையும் (ரீடூவை ஏற்றும் வேலை) ஓடினால் பயன்பாட்டுப் பதிவேட்டில் ஏறிவிடும், ஆடிட் வரும்போது பேசும். 'ஸ்டார்ட்அப் மவுன்ட்' (திறக்காமல் நிறுத்துவது) என்று விரலைப் பழக்குங்கள். காசு இல்லையா? அப்ளையை நிறுத்தி, திறந்து, ரிப்போர்ட் ஓட்டி, மறுபடி ஏற்றுங்கள். ரீடூ அதுபாட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கும். டேட்டா மட்டும் பழசு.

எஸ்க்யூஎல் சர்வர் பழைய வரிகளை ஸ்டாண்ட்பையின் டெம்ப்டிபியில் (தற்காலிக டேட்டாபேஸ்) வைக்கும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரு பக்கமும் பேஜ்கள் (டிஸ்க்கில் வரிகள் இருக்கும் கட்டங்கள்) ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு மாறும் வரிக்கும் 14 பைட் பிரைமரியிலேயே ஒட்டும். நெருக்கமாக நிரம்பிய டேபிள்களில் பேஜ் பிளவு கூடும். மோதல் வந்தால் போஸ்ட்கிரெஸுக்கு நேர் எதிர் குணம். பிரைமரியில் யாரோ ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) போட, இங்கே ரிப்போர்ட் அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால், குவெரி சாகாது, ரீடூதான் (லாக் ஏற்றுவது) நிற்கும். ரீடூ க்யூவைக் கவனிக்காதவர்களுக்கு இது சத்தமில்லாமல் வளரும். படிக்கக்கூடிய செகண்டரி (இங்கே ஸ்டாண்ட்பையின் பெயர்) என்டர்பிரைஸ் எடிஷனில்தான் உண்டு.

ரிப்போர்ட் எழுதுபவர்களின் முதல் புகார் டெம்ப் டேபிள் (இடைக்கணக்குக்கான தற்காலிக டேபிள்). எஸ்க்யூஎல் சர்வரில் தாராளமாகப் போடலாம். ஆரக்கிளில் 12சி முதல் குளோபல் டெம்பரரி டேபிளில் எழுதலாம். 19சி-யில் சின்ன அப்டேட்டைப் பிரைமரிக்குத் திருப்பிவிடவும் முடியும். போஸ்ட்கிரெஸில் டெம்ப் டேபிள்கூடக் கிடையாது. குவெரியை வித் (குவெரிக்குள் துணைக்குவெரி) போட்டு மாற்றி எழுத வேண்டியதுதான். ரிப்போர்ட்டுக்கென்று தனி இன்டெக்ஸ் மூன்றிலும் ஸ்டாண்ட்பையில் மட்டும் போட முடியாது. அது வேண்டுமென்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (வரி மாற்றங்களை மட்டும் தனி டேட்டாபேஸுக்கு அனுப்புவது). அதற்குப் போனபின் அதை ஸ்டாண்ட்பை என்று நான் நம்ப மாட்டேன்.

பேக்கப்பை ஸ்டாண்ட்பைக்குத் தள்ளுவது ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் உறுத்தலில்லாத வேலை. எஸ்க்யூஎல் சர்வரில் 2022 பதிப்பு வரை செகண்டரியில் ஃபுல் பேக்கப் என்றால் காப்பி ஒன்லி (பேக்கப் வரிசையில் சேராத தனிப் பிரதி) மட்டும்தான், டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியது மட்டும்) கிடையாது.

லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் ஆரக்கிளைத் தொடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். இல்லையென்றால் என் ஓட்டு இரண்டு ஸ்டாண்ட்பை வைத்த போஸ்ட்கிரெஸுக்கு. ஒன்று ஃபெயில்ஓவருக்கு (பிரைமரி விழுந்தால் மாறிக்கொள்ள) மட்டும், அதில் ஒரு ரிப்போர்ட்கூடக் கிடையாது. இன்னொன்றில் அவகாசம் -1, ஃபீட்பேக் அணைப்பு, பின்தங்கினால் பின்தங்கட்டும். கனெக்ஷனில் 'டார்கெட் செஷன் அட்ரிப்யூட்ஸ்' அமைப்புக்குப் பதிப்பு 14 தரும் மதிப்புகளில் 'ப்ரிஃபர் ஸ்டாண்ட்பை' என்று போடாதீர்கள், 'ஸ்டாண்ட்பை' என்று போடுங்கள். முதலாவது, ஸ்டாண்ட்பை எதுவும் கிடைக்காத நேரத்தில் மாதக்கடைசி ரிப்போர்ட் மொத்தத்தையும் பிரைமரி தலையில் இறக்கும். இரண்டாவதில் ரிப்போர்ட் கனெக்ஷன் தோற்கும், கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும். அந்தப் போனை எடுத்துப் பேசிக்கொள்ளலாம்.